தடுப்பு மருந்துக்கு முன்பே எடுக்க வேண்டிய கணக்கு

குழந்தையின் குடலில் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்து அடைத்துக்கொள்வது குடல் செருகல். வலி விட்டுவிட்டு வரும். குழந்தை கால்களை மடக்கி வீறிட்டு அழும், வாந்தி எடுக்கும், மலத்தில் ரத்தமும் சளியும் கலந்து வரும். நேரத்தில் கொண்டுவந்தால் ஆசனவாய் வழியே காற்றையோ உப்புநீரையோ செலுத்தியே பெரும்பாலும் சரிசெய்யலாம். தாமதித்தால் அறுவை சிகிச்சைதான்.

ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் தடுப்புச் சொட்டு மருந்தே இல்லாத காலத்திலும் இது வந்தது. உலகச் சராசரி, ஒரு வயதுக்குட்பட்ட லட்சம் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு 74.

அமெரிக்கா, 1998–99

- ரோட்டா தடுப்பு மருந்தான ரோட்டா ஷீல்டின் அனுமதிக்கு முந்தைய சோதனைகள்: மருந்து பெற்ற 10,054 பேரில் 5 குடல் செருகல், பெறாத 4,633 பேரில் 1. தற்செயலா, மருந்தின் விளைவா என்று பிரித்தறிய இந்த எண்ணிக்கை போதவில்லை.
- அனுமதி: 1998 ஆகஸ்ட்.
- 1999 ஜூலைக்குள் வந்த புகார்கள்: 15. அவற்றில் 12, மருந்து கொடுத்த ஒரு வாரத்துக்குள்.
- பின்னர் கணித்த ஆபத்து: ஏறத்தாழ 10,000 குழந்தைகளுக்கு 1.
- மருந்து திரும்பப் பெறப்பட்டது: 1999 அக்டோபர்.

இடைவெளியின் விலை

அடுத்த இரு மருந்துகளும் தலா 60,000 குழந்தைகளுக்கு மேல் சோதிக்கப்பட்டன. ரோட்டாரிக்ஸ் சோதனையில் மருந்து பெற்றவர்களில் 6 குடல் செருகல், பெறாதவர்களில் 7. ரோட்டாடெக்கில் 6, 5. அமெரிக்காவில் அடுத்த மருந்து வர 2006 ஆயிற்று. அந்நாளைய மதிப்பீட்டின்படி ரோட்டா வைரஸ் உலகெங்கும் ஆண்டுக்குச் சுமார் 4.4 லட்சம் குழந்தைகளைக் கொன்றுகொண்டிருந்தது.

இந்தியா: ரோட்டா நோயின் செலவு (ஆண்டுக்கு, 2011–13 மதிப்பீடு)

- இறப்பு: சுமார் 78,000
- மருத்துவமனை அனுமதி: 8.72 லட்சம்
- வெளிநோயாளி வருகை: 32.7 லட்சம்
- நேரடிச் செலவு: 1,037 கோடி ரூபாய்

இந்தியா: கண்காணிப்பின் வரவு

டெல்லியில் மருந்துக்கு முன்பே எடுத்த குடல் செருகல் கணக்கு, லட்சம் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு 17.7. ஆண்டுக்கு 2.5 கோடிப் பிறப்புக்கு அதை விரித்தால் சுமார் 4,400 பேர், வாரத்துக்கு 85. மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் இத்தனை பேருக்கு வரும். இந்த அடிப்படை எண் கையில் இல்லாவிட்டால், சொட்டு மருந்துக்குப் பின் வரும் ஒவ்வொரு அடைப்பும் மருந்தின் தலையில்தான் விழும். மருந்தால் உண்மையிலேயே வருவதும் அந்தக் கூட்டத்தில் மறைந்துபோகும்.

டெல்லி, புணே, வேலூரில் 6,799 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்ட ரோட்டாவேக் தடுப்பு மருந்து, 2016 மார்ச்சில் நான்கு மாநிலங்களில் அறிமுகமானது. ஏப்ரல் முதல் 27 மருத்துவமனைகள் குடல் செருகலைப் பதிவு செய்தன. 2019 ஜூன் வரை 970 குழந்தைகள் சேர்ந்தனர். அவர்களில் 589 பேரின் பதிவுகளை அலசியதில், முதல் தவணைக்குப் பிந்தைய 21 நாட்களில், மற்ற நாட்களோடு ஒப்பிட்ட செருகல் விகிதம் 0.83. ஆபத்து கூடியதற்குச் சான்று இல்லை.

அமெரிக்கா முதலான நாடுகளில் ரோட்டாரிக்ஸ், ரோட்டாடெக் மருந்துகளால் பின்னர் லட்சத்துக்கு 1 முதல் 5 வரை கூடுதல் செருகல் தெரியவந்தது. எனவே எந்த ரோட்டா மருந்தை எந்த நாடு கொண்டுவந்தாலும், மருத்துவமனைப் பதிவேடு முதல் சொட்டுக்கு முன்பே திறக்கப்பட வேண்டும், பிறகும் மூடப்படக் கூடாது. சொட்டு கொடுக்கும் செவிலியர், மலத்தில் ரத்தம் கண்டால் அன்றே மருத்துவமனைக்கு வரும்படி ஒவ்வொரு தாயிடமும் சொல்லி அனுப்ப வேண்டும்.