தேடல் பெட்டியின் அடுப்பங்கரை

செருப்பை வெளியே விட்டுவிட்டு ஓசைப்படாமல் உள்ளே வாருங்கள். இன்று நாம் எட்டிப் பார்க்கப்போவது பப்மெட்டின் அடுப்பங்கரையை. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் பெதஸ்டாவில் இருக்கும் தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் தேடல் தளம் இது. மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட மருத்துவக் கட்டுரைகளின் விவரம் இங்கே குவிந்து கிடக்கிறது. 1997-இல் இது எல்லோருக்கும் இலவசமானபோது, முதல் தேடலைத் தட்டிக் காட்டியவர் யார் தெரியுமா? அன்றைய துணை அதிபர் அல் கோர்!

இப்போது நம் முறை. ‘ஹார்ட் அட்டாக்’ என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். விடையைப் பார்க்க அவசரப்படாதீர்கள். ‘அட்வான்ஸ்டு’ பக்கத்துக்குப் போய், ‘டீடெய்ல்ஸ்’ அம்புக்குறியை அழுத்துங்கள். அடடா! ‘மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்’ என்று நீளமாய் ஏதோ ஓடுகிறதே! நாம் அதைத் தட்டவே இல்லை. நம் தெருப்பேச்சுக்கு டாக்டர் பாஷையையும் துணை சேர்த்துத் தேடியிருக்கிறது, கள்ளத்தனமாக!

இந்தக் கைப்பக்குவத்துக்குப் பின்னால் இருப்பது ‘மெஷ்’. சுகர், சர்க்கரை, நீரிழிவு என்று ஆளுக்கொரு பெயர் சொன்னாலும் வியாதி ஒன்றுதானே? அப்படிப் பல பெயர்களை ஒரே தலைப்பின்கீழ் கொண்டுவரும் சொற்பட்டியல் அது. 1960-இல் பிறந்தது, இன்று சுமார் 30,000 தலைப்புகள். ஆட்கள் உட்கார்ந்து படித்து, கட்டுரைக்குக் கட்டுரை தலைப்பு ஒட்டிய காலம் போய், 2022 முதல் கணினி ஒட்டுகிறது. தேவையான இடத்தில் மனிதர் சரிபார்க்கிறார்.

பரண்மேல் ஒரு கெட்டுப்போன பானையும் உண்டு. தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்ட 1998-ஆம் வருட ‘லான்செட்’ மருத்துவ இதழ்க் கட்டுரை. 2010-இல் அந்த இதழே அதைத் திரும்பப் பெற்றது. பப்மெட் அதை ஒளித்துவைக்கவில்லை. ‘ரிட்ராக்டட்’ என்று தலைப்பிலேயே சீட்டு ஒட்டி, எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்திருக்கிறது.

ஆக, பப்மெட்டில் இருக்கிறது என்பதற்காக ஒரு கட்டுரை வேதவாக்காகிவிடாது. ஒற்றை ஆய்வை நம்பிக் குதிக்காமல், பல ஆய்வுகளை அலசிய ‘சிஸ்டமேட்டிக் ரிவ்யூ’வை இடப்பக்க வடிகட்டியில் தேர்ந்தெடுங்கள். டாக்டர் பாஷையில் தலை சுற்றினால், அதே நூலகத்தின் மெட்லைன்பிளஸ் எளிய ஆங்கிலத்தில், விளம்பரத் தொல்லை இல்லாமல் சொல்கிறது. படித்ததைச் சீட்டில் குறித்துக்கொண்டு உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.