கோளாறு கேமராவிலா, வெளிச்சத்திலா?

கல்யாண மேடையில் கெட்டிமேளம் முழங்குகிறது. சடங்குக்கு இடைஞ்சல் வேண்டாம் என்று, ஷட்டர் சத்தம் கேட்காத சைலண்ட் மோடில் படமெடுக்கிறார் புகைப்படக்காரர். தாலி கட்டி முடிந்ததும் திரையைப் பார்த்தால் படங்களின் குறுக்கே சாம்பல் நிறப் பட்டைகள். சென்சார் போய்விட்டது என்றுதான் எவருக்கும் முதலில் தோன்றும். மறுநாள் வெயிலில் எடுத்துப் பார்த்தால் ஒரு பட்டைகூட இல்லை. சர்வீஸ் சென்டரில் கொடுத்தாலும், "கேமரா நல்லாத்தானே இருக்கு" என்றுதான் சொல்வார்கள். அது உண்மையும்கூட. கோளாறு மண்டபத்து விளக்குகளில் இருந்தது.

நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று அலைகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு உச்சங்கள். அதனால் சோக் வைத்த டியூப்லைட்டும் மலிவான எல்இடி விளக்கும் வினாடிக்கு 100 முறை பிரகாசித்து மங்குகின்றன. கண்ணுக்கு அது பிடிபடாது, சென்சாருக்குப் பிடிபடும். சைலண்ட் மோடில் பெரும்பாலான சென்சார்கள் காட்சியை மேலிருந்து கீழாக வரி வரியாகத்தான் வாசிக்கின்றன. விளக்கு பிரகாசமாக இருந்தபோது வாசித்த வரிகள் வெளுப்பாகவும், மங்கியபோது வாசித்த வரிகள் இருட்டாகவும் பதிகின்றன. முழுப் படத்தையும் வாசிக்க ஒரு வினாடியில் 25இல் ஒரு பங்கு பிடித்தால், அதற்குள் விளக்கு நான்கு முறை மங்கிவிடும். படத்தில் நான்கு பட்டைகள். எண்ணிப் பார்த்தே சென்சாரின் வேகத்தைக் கணக்கிட்டுவிடலாம்!

தீர்வும் அதே கணக்கில்தான் இருக்கிறது. ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 என்று வைத்தால், ஒவ்வொரு வரிக்கும் முழுத் துடிப்பின் வெளிச்சம் கிடைத்துவிடும், பட்டைகள் மறையும். 60 சுற்று மின்சாரம் உள்ள அமெரிக்காவில் இதே வேலைக்கு 1/120 அல்லது 1/60 வேண்டும். மேடையின் பின்னால் நிற்கும் எல்இடி திரைகள் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. அவற்றின் துடிப்பு வேறு. முகூர்த்தத்துக்கு முன்பே இரண்டு படம் எடுத்துப் பார்த்துவிடுவதுதான் அங்கே வழி. தாலி கட்டும் நொடியைத் திரும்ப எடுக்க முடியாதல்லவா?

சந்தேகம் வரும்போது முதலில் விசாரிக்க வேண்டியது படத்தைத்தான். நீல வானத்தில் ஒரு மங்கலான கரும்புள்ளி விழுகிறதென்று வைத்துக்கொள்வோம். எல்லாப் படத்திலும் அதே இடத்தில் இருக்கிறதா? லென்ஸை மாற்றிய பிறகும் இருக்கிறதா? அப்பர்ச்சரை எஃப்/22க்குக் குறுக்கினால் தெளிவாகி, எஃப்/2.8க்குத் திறந்தால் காணாமல் போகிறதா? அப்படியானால் அது சென்சாருக்கு முன்னால் இருக்கும் வடிகட்டிக் கண்ணாடியில் ஒட்டிய தூசு. குறுகிய துளை வழியே வரும் ஒளி தூசின் நிழலைக் கூர்மையாக விழவைக்கிறது; அகன்ற துளை அதைக் கரைத்துவிடுகிறது. ரப்பர் ப்ளோயரால் ஊதினால் பெரும்பாலும் போய்விடும். வாயால் ஊதவே கூடாது, எச்சில் பட்ட கண்ணாடியைச் சுத்தம் செய்வது பெரும்பாடு. 2003இல் வந்த ஒலிம்பஸ் இ-1 கேமரா இந்தக் கண்ணாடியையே அதிரவைத்துத் தூசை உதறும் ஏற்பாட்டுடன் வந்தது. இன்று பல கேமராக்களில் அது உண்டு.

தூசைவிட நம் கடலோர ஊர்களில் பெரிய எதிரி ஈரம். ஏசி அறையிலிருந்து சென்னை வெயிலுக்குக் கேமராவை அப்படியே எடுத்துவந்தால், குளிர்ந்த கண்ணாடியில் காற்றின் ஈரம் படிந்து எல்லாம் பனிமூட்டமாகிவிடும். துடைக்கத் துடைக்க மறுபடி படியும். கிளம்பும் முன் அறைக்குள்ளேயே கேமராவைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி, வெளியே வந்து அரைமணி நேரம் கழித்துத் திறந்தால் ஈரம் பையின் மேல்தான் படியும். கேமராவைத் தோல் உறையில் போட்டு மாதக்கணக்கில் பீரோவில் பூட்டிவைப்பது இதைவிட மோசம். ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டி நாட்கணக்கில் நீடித்தால் லென்ஸுக்குள் பூஞ்சை வேர்விடத் தொடங்கும். அது சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிட்டால், பிறகு எந்த மெக்கானிக்காலும் அதை மீட்க முடியாது. ஒரு மூடி போட்ட டப்பாவும் கொஞ்சம் சிலிக்கா ஜெல்லும் போதும். அதைச் செய்யாமல் எத்தனை நல்ல லென்ஸ்கள் வீணாகின்றன!

கேமராவே குற்றவாளியான வழக்குகளும் உண்டு. 2005இல் பல நிறுவனங்களின் டிஜிட்டல் கேமராக்களில் படம் ஊதா நிறத்தில் குழம்பியது, அல்லது வரவே இல்லை. அவை எல்லாவற்றிலும் இருந்தது சோனி தயாரித்த சிசிடி சென்சார். வெப்பமும் ஈரமும் மிகுந்த இடங்களில் அதன் உள்ளே இருந்த மெல்லிய கம்பி இணைப்புகள் விட்டுப்போயிருந்தன. நிறுவனங்கள் இலவசமாகப் பழுதுபார்த்துக் கொடுத்தன.

சென்சாருக்கு வெப்பம் பொதுவாக ஆகாது. இரவு வானத்தை 30 வினாடி திறந்துவைத்து எடுக்கும்போது, வெப்பத்தால் சில பிக்சல்கள் வெளிச்சமே படாமல் சிவப்பாகவும் நீலமாகவும் மின்னும். அவற்றைக் கழிக்கக் கேமரா ஷட்டரை மூடிக்கொண்டு இன்னொரு 30 வினாடி இருட்டைப் படமெடுக்கிறது. அது தெரியாமல் 'கேமரா ஹேங் ஆகிவிட்டது' என்று பேட்டரியைக் கழற்றுகிறவர்கள் உண்டு.

ஆனால் வெப்பமே மருந்தான கதையும் இருக்கிறது. நாசாவின் ஜூனோ விண்கலம் 2016இல் வியாழனைச் சுற்றத் தொடங்கியது. அதிலுள்ள ஜூனோகேம், கடும் கதிர்வீச்சில் எட்டுச் சுற்றாவது தாங்கட்டும் என்று வடிவமைக்கப்பட்டது. 34 சுற்று வரை நன்றாகவே வேலை செய்தது. 47ஆம் சுற்றில் படங்கள் கெடத் தொடங்கின. பூமியிலிருந்து சுமார் 60 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருப்பதை யார் கழற்றிப் பார்ப்பது? பொறியாளர்கள் கையில் இருந்தது கெட்டுப்போன படங்கள் மட்டுமே. அவற்றை வைத்து, மின்னழுத்தத்தைச் சீராக்கும் பாகம் பழுதாகியிருக்கலாம் என்று ஊகித்தார்கள். ஒரு பொருளைச் சூடாக்கி ஆறவிட்டால் அதன் நுண்கட்டமைப்பிலுள்ள குறைகள் சில சமயம் சரியாகும். எனவே கேமராவை 25 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினார்கள். படங்கள் தெளிந்தன, பிறகு மறுபடியும் கோடுகளும் புள்ளிகளும் நிறைந்தன. வியாழனின் ஐஓ நிலாவை மிக அருகில் கடக்கும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. வேறு வழியின்றி ஹீட்டரை உச்சத்துக்கு ஏற்றினார்கள். முதல் வாரம் பெரிய மாற்றமில்லை. ஐஓவை நெருங்கச் சில நாட்களே இருந்தபோது படங்கள் சட்டென்று தெளியத் தொடங்கின. 2023 டிசம்பர் 30 அன்று 1,500 கிலோமீட்டர் அருகில் பறந்த ஜூனோ, ஐஓவின் வடதுருவத்தில் கந்தக டை ஆக்சைடு உறைபனி போர்த்திய மலைகளைப் படமெடுத்து அனுப்பியது.