நுரை போய்ச் சேரும் இடம்

2019 நவம்பர் கடைசியில் சென்னையின் பட்டினப்பாக்கம், மெரினா கடற்கரைகளில் கரை நெடுக வெண்ணுரை ஒதுங்கியது. பிள்ளைகள் அதை அள்ளி ஒருவர்மேல் ஒருவர் வீசி விளையாடினார்கள். மழைவெள்ளம் ஆறுகளில் கிடந்த சாக்கடையைக் கடலுக்குத் தள்ளிவிட, அதில் கலந்திருந்த சலவைப் பொருட்களை அலை கடைந்து நுரையாக்கியிருந்தது.

அதில் பெரும்பங்கு வீடுகளிலிருந்து வந்த கழிவுநீர். வாசலில் கார் கழுவிய தண்ணீரின் பங்கு சொற்பம்தான். ஆனாலும் ஒரு வேறுபாடு உண்டு. வீட்டுக்குள் துணி துவைத்த தண்ணீர் பாதாளச் சாக்கடை வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்தை எட்ட வாய்ப்பாவது இருக்கிறது. தெருவில் கார் கழுவிய தண்ணீரோ மழைநீர் வடிகாலில் இறங்கி, எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் நீர்நிலைக்குப் போகிறது. ஆகவே பச்சை இலை படம் போட்ட கார் ஷாம்புவைக் கையில் எடுக்கும்போது, கார் எவ்வளவு மினுங்கும் என்பதோடு, உள்ளேயிருக்கும் மூலக்கூறு வடிகாலில் இறங்கிய பிறகு எத்தனை நாள் உயிரோடிருக்கும் என்றும் கேட்க வேண்டும்.

அழுக்கு நீக்கும் மூலக்கூறுக்கு ஒரு தலை, ஒரு வால். தலை தண்ணீரை நாடும். வாலுக்குத் தண்ணீர் ஆகாது, எண்ணெயைக் கண்டால் போய் ஒட்டிக்கொள்ளும். பம்பரில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கில் ஆயிரமாயிரம் வால்கள் குத்தி நிற்க, தலைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தேய்த்துத் தண்ணீர் ஊற்றியதும் தலைகளைத் தண்ணீர் இழுக்கிறது. பிசுக்கு சின்னச் சின்ன உருண்டைகளாகப் பெயர்ந்து வருகிறது. நுரைக்கு இதில் பெரிய வேலை கிடையாது. நுரை நிறைய வந்தால் அழுக்கு நன்றாகப் போகும் என்பது நம் நம்பிக்கை மட்டுமே.

சிக்கல் தொடங்குவதும் இதே குணத்தில்தான். காரின் மேலுள்ள எண்ணெய்க்கும் மீனின் செவுளுக்கும் வித்தியாசம் பார்க்க அந்த மூலக்கூறுக்குத் தெரியாது. செவுளின் உயிரணுக்களைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வும் கொழுப்பால் ஆனது. வால் அங்கேயும் குத்தும், சவ்வு குலையும், மீனுக்கு மூச்சு முட்டும்.

இந்த விஷயத்தில் இயற்கைப் பொருளும் விதிவிலக்கல்ல. பூந்திக்கொட்டையிலும் சீயக்காயிலும் நுரை தருவது சப்போனின் என்ற பொருள். அதற்கும் தலை உண்டு, வால் உண்டு. இலுப்பைப் புண்ணாக்கிலும் சப்போனின் இருக்கிறது. அதைத் தலைக்குத் தேய்த்துக் குளித்தவர்கள் நம் ஊரில் இருந்தார்கள். அதே புண்ணாக்கை, மீன் வளர்ப்பவர்கள் குஞ்சு விடுவதற்கு முன் குளத்தில் போடுகிறார்கள். ஹெக்டேருக்கு 2,000 முதல் 2,500 கிலோ வரை போட்டால், குளத்தில் கிடக்கும் விரால், கெளுத்தி போன்ற வேண்டாத மீன்கள் செத்து மிதக்கும். ஆனால் சுமார் 3 வாரத்தில் நஞ்சு முறிந்து, மிஞ்சிய புண்ணாக்கு குளத்துக்கு எருவாகிவிடும். அதன்பிறகு குஞ்சுகளை விடுவார்கள். ஒரு பொருள் மரத்திலிருந்து வந்ததா, ஆலையிலிருந்து வந்ததா என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் சிதைகிறது என்பதே முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வேதியியல் உலகம் இந்தப் பாடத்தைப் பட்டுத்தான் கற்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெட்ரோலியத்திலிருந்து செய்த மலிவான சலவைத் தூள்கள் மேலைநாடுகளில் பரவின. 1950களில் ஜெர்மனி, இங்கிலாந்து, அமெரிக்க ஆறுகளில் நுரை மலைபோல் எழுந்தது. சுத்திகரிப்பு நிலையங்களின் தொட்டிகளிலும் நுரை. ஆராய்ந்தபோது குற்றவாளி அந்த மூலக்கூறின் வால் என்று தெரிந்தது. அது நேராக இல்லாமல் கிளைவிட்டிருந்தது. பாக்டீரியாக்கள் வாலை, கரும்பை நுனியிலிருந்து கடித்து வருவதுபோல், ஒவ்வொரு கடிக்கும் இரண்டு கார்பன் அணுக்களாகத் தின்று வரும். நடுவில் கிளை குறுக்கிட்டால் கடி நின்றுவிடும். மூலக்கூறு அப்படியே ஆற்றோடு போகும். ஜெர்மனி 1961இல் இதற்காகவே ஒரு சட்டம் இயற்றியது. 1965இல் அமெரிக்க நிறுவனங்கள் நேரான வால்கொண்ட மூலக்கூறுக்கு மாறின. அணுக்களின் அடுக்கை மாற்றியதும் நுரை பெருமளவு அடங்கிவிட்டது.

இன்று பெரும்பாலான ஷாம்புகளிலும் சலவைத் தூள்களிலும் இருப்பது இந்த நேர்வால் வகைதான். 'எளிதில் மக்கும்' என்ற சொல்லுக்கும் உலகளாவிய ஓர் அளவுகோல் உண்டு. பொருளைப் பாக்டீரியா உள்ள தண்ணீரில் விட்டு 28 நாள் கவனிப்பார்கள். அதற்குள் அதன் கார்பனில் 60 விழுக்காடாவது கரியமில வாயுவாக மாறியிருந்தால் தேர்ச்சி.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. அந்தச் சோதனை நடப்பது ஆக்சிஜன் தாராளமாக உள்ள தண்ணீரில். சல்போனேட் என்ற நேர்வால் வகையைத் தின்னும் பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் வேண்டும். அது இல்லாத இடத்தில் அவற்றால் அந்த வாலைத் தொட முடிவதில்லை. சென்னையின் கூவம் ஆறு போன்ற, ஆக்சிஜன் அற்றுக் கறுத்த நீரில் அந்தப் பொருள் சிதையாமல் தங்கிவிடும். புட்டியின்மேல் எழுதியது பொய்யில்லை. ஆனால் நாம் அதைக் கொட்டும் இடத்தில் செல்லுபடியாகாது.

அப்படியானால் கழுவும் இடத்தைத் தேர்ந்தெடுப்பது பாதித் தேர்வு. சிமென்ட் வாசலைவிட்டு மண்தரையில் வண்டியை நிறுத்திக் கழுவினால், காற்றோட்டமுள்ள மேல்மண்ணில் பாக்டீரியாக்கள் அந்த வேலையைச் செய்து முடிக்கும். கிணற்றையும் ஆழ்துளைக் குழாயையும் விட்டுத் தள்ளி நிறுத்த வேண்டும். மண் இல்லாத அடுக்குமாடிக்காரர்கள், கழுவிய நீரைப் பாதாளச் சாக்கடையோடு இணைத்திருக்கும் சர்வீஸ் நிலையத்துக்குப் போவது மேல்.

சோப்பே இல்லாத தண்ணீரும் சுத்தமானதல்ல. சக்கரத்தில் முதல் குவளைத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள்: கரியைக் கரைத்ததுபோல் வழியும். பிரேக் தேய்ந்த இரும்புத் துகளும் டயர் தேய்ந்த ரப்பர்த் துகளும் அதில் இருக்கின்றன. அமெரிக்காவில் சியாட்டில் பகுதி ஓடைகளில் மழைக்குப் பின் கோஹோ சால்மன் மீன்கள் முட்டையிடும் முன்பே செத்ததற்கு, டயர் ரப்பரில் சேர்க்கும் ஒரு பாதுகாப்பு வேதிப்பொருள் ஓசோனோடு வினைபுரிந்து உருவாகும் நஞ்சே காரணம் என்று 2020இல் கண்டறிந்தார்கள். தண்ணீர் குறைந்தால் வடிகாலுக்குப் போகும் இந்த அழுக்கும் குறையும்.

எனவே குழாயை விட்டு வாளிக்கு வாருங்கள். தோட்டக் குழாயைத் திறந்துவிட்டால் நிமிடத்துக்கு 10 லிட்டருக்குக் குறையாமல் ஓடும். இரண்டு வாளித் தண்ணீரில் ஒரு சிறிய காரைக் கழுவி முடிக்கலாம். ஒரு வாளியில் ஷாம்பு கலந்த நீர், மற்றொன்றில் துணியை அலசும் நீர். பெங்களூரில் 2024 மார்ச்சில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது, குடிநீரில் வாகனம் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. நம் ஊர்க் கோடையிலும் இது தொலைவான சங்கதி இல்லை.

ஷாம்புவைப் பொறுத்தவரை அமிலமோ காரமோ தூக்கலாக இல்லாதது, பாஸ்பேட் இல்லாதது, அளவு குறித்துச் சொல்லியிருப்பது என்று பார்த்து வாங்குங்கள். சொன்ன அளவுக்கு மேல் ஊற்றினால் மிஞ்சுவது அலசும் வேலைதான். சலவைத் தூள் வேண்டாம். அதிலுள்ள சோடா காரின் மெழுகுப் பூச்சை உரித்துவிட்டு மண்ணில் உப்பாகத் தங்கும். தார்த் துளிக்கு மண்ணெண்ணெய் எதற்கு? தாரும் ஓர் எண்ணெய்ப் பொருள்தான். தேங்காய் எண்ணெயைத் தடவிச் சிறிது நேரம் விட்டால் இளகும், துணியால் துடைத்துவிடலாம். பறவை எச்சத்தைச் சுரண்டாமல் ஈரத்துணியை அதன்மேல் போட்டு ஊறவிடுங்கள். உப்புத் தண்ணீரின் வெள்ளைப் புள்ளிக்கு மருந்து எதுவும் தேவையில்லை. வெயிலில் காயவிடாமல் உடனே துடைத்தால் புள்ளியே விழாது.

சூழலுக்கு உகந்த பொருட்களை அடையாளம் காட்ட மத்திய அரசு 1991இல் கொண்டுவந்த எக்கோமார்க் திட்டத்தின் சின்னம் ஒரு மண்பானை. சோப்பும் சலவைப் பொருளும் அதன் கீழ் வரும். ஆனால் கடையில் அந்தப் பானையைத் தாங்கிய புட்டியைக் காண்பது அரிது. இலையும் துளியுமாக நிறுவனங்கள் தாங்களே வரைந்துகொண்ட படங்கள்தான் அதிகம். அந்தப் படங்களுக்கு யாரும் சோதனை வைப்பதில்லை. புட்டியின் பின்பக்கத்தை ஒரு முறையும், கழுவிய தண்ணீர் ஓடும் திசையை ஒரு முறையும் பார்த்துவிட்டு, சொன்னதில் பாதி அளவு ஊற்றித் தொடங்குங்கள். அழுக்கு போகவில்லையென்றால் மட்டும் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம்.