தோட்டாவின் அளவும் துப்பாக்கிச் சட்டமும்

துப்பாக்கியின் இலக்கம் பெரிதாயின் அதன் வலிமையும் பெரிதென்று நம்மவரிற் பலர் கருதுகின்றனர். அஃது உண்மையன்று. .303 என்பது குழலின் உள்விட்டத்தை அங்குலக் கணக்கிற் குறிப்பது, அவ்வளவே. குண்டின் எடை, உறையின் நீளம், உள்ளே அடைத்த மருந்து ஆகியவையே பலத்தை நிர்ணயிப்பன.

ருஷ்ய ஏ.கே.47 துப்பாக்கியின் தோட்டாவும் நேட்டோ தேசங்களின் தோட்டாவும் 7.62 மில்லிமீட்டர் என்றே பெயர் பூண்டவை. ஆயின் முன்னதன் உறை 39 மில்லிமீட்டர் நீளம். பின்னதன் உறை 51. ஒன்றற்குரிய துப்பாக்கியில் மற்றொன்றை இட்டுச் சுடலாகாது. 5.56 மில்லிமீட்டர் தோட்டாவின் குண்டோ சுமார் 4 கிராமே. எனினும் விநாடிக்கு 900 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்திற் பாய்வது. நேட்டோவின் 7.62 தோட்டாவில் ஏறக்குறையப் பாதி எடையே உடைமையால், சிப்பாய் அதே பாரத்தில் இரு மடங்கு சுமக்கலாம்.

நம் தேசத்திற்கு மிகப் பழக்கமானது .303. 1919 ஏப்ரல் 13-ல் ஜாலியன்வாலா பாக்கில் ஐம்பது சிப்பாய்கள் சுமார் பத்து நிமிஷத்தில் சுட்டுத் தீர்த்தவை இத்தகைய தோட்டாக்கள் 1,650.

அந்தத் தோட்டாவைப் பிரஜைகள் தொடலாகாதென்று ஆங்கில ஸர்க்கார் விலக்கியது. வேட்டைக்கென அநுமதித்ததோ .315, அதாவது 8 மில்லிமீட்டர். சிறிய துவாரம் குற்றம், பெரிய துவாரம் சம்மதம்! இவ்விநோதத்தின் காரணம் எளிது: படைக் கொட்டடியிலிருந்து களவுபோகும் தோட்டா ஜனங்களின் துப்பாக்கியிற் பொருந்தலாகாது.

1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் போய் 1959-ல் சுதந்திர இந்தியாவின் சட்டம் வந்தது. விலக்கு மட்டும் போகவில்லை. இராணுவம் .303-ஐக் கைவிட்டு நெடுங்காலமாயிற்று. 2008 நவம்பரில் பம்பாய் ரயில் நிலையத்தில், ஏ.கே. ஏந்திய கொலைஞரை எதிர்க்கப் போலீஸார் சிலர் கையிலிருந்தது அப்பழந்துப்பாக்கியே. உத்தரப் பிரதேசப் போலீஸாரும் 2020 ஜனவரியில் அதற்கு விடை கொடுத்தனர்.

இதற்கிடையே, வட மாகாணங்களில் 'கட்டா' எனப்படும் திருட்டுக் கைத்துப்பாக்கிகளிற் பல, அநுமதி பெற்ற அந்த .315 தோட்டாவுக்கென்றே செய்யப்படுகின்றன. போலீஸார் அவற்றை ஓயாமற் கைப்பற்றி வருகின்றனர். லைசென்ஸ்காரர் வாங்கிய தோட்டா எத்தனை, செலவிட்டது எத்தனை என்று வினவுவதை விட்டு, துவாரத்தை மட்டும் அளந்துகொண்டிருப்பது என்ன காவலோ, நாமறியோம்.