குழந்தை அசைவு குறையுதா? விடியட்டும்னு காத்திருக்காதீங்க!

"மாசம் நெருங்கிடுச்சு, அதான் அசைவு குறையுது" என்று வீட்டுப் பெரியவங்க சொல்வதுண்டு. அது சரியில்லை. பிரசவ நாள் வரைக்கும் குழந்தை வழக்கம்போல அசையணும். அசைவு குறைந்தால் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போங்க.

28 வாரத்துக்குப் பிறகு உயிரில்லாமல் பிறப்பதை உலக சுகாதார நிறுவனம் 'இறந்து பிறத்தல்' எனக் கணக்கிடுகிறது. இதில் 40 சதவீதத்துக்கும் மேல் பிரசவ வலி நேரத்தில் நடப்பவை. எல்லாவற்றையும் தடுத்துவிட முடியாது. தாய் மேல் பழி போடவும் கூடாது. ஆனால் பலவற்றைத் தடுக்கலாம்.

ஒவ்வொரு பரிசோதனையும் ஏன் முக்கியம்?

● ரத்த அழுத்தம்: கூடினால் குழந்தைக்குப் போகும் ரத்தம் குறையும். கடும் தலைவலி, பார்வை மங்கல், திடீர் முகவீக்கம் இருந்தால் தாமதிக்காதீங்க.
● சர்க்கரை: அறிகுறியே இல்லாமலும் இருக்கும். பரிசோதனையில்தான் தெரியும்.
● சிபிலிஸ்: ரத்தப் பரிசோதனையில் தெரிந்தால், பென்சிலின் ஊசியால் குணப்படுத்தலாம்.
● வயிற்றின் அளவு, ஸ்கேன்: குழந்தை வளர்ச்சி குறைவதைக் காட்டும்.

நீங்க செய்ய வேண்டியது

கர்ப்பம் உறுதியானதும், 12 வாரத்துக்குள் பதிவு செய்யுங்க. கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லலாம், 102-க்கு அழைக்கலாம், 'பிக்மி' இணையதளத்தில் நீங்களே பதியலாம். கிடைக்கும் 12 இலக்க ஆர்.சி.எச். எண்ணை போனில் சேமித்து வையுங்க. பிறப்புச் சான்றிதழுக்கும் அது தேவை. 28 வாரத்துக்குப் பிறகு மல்லாந்து தூங்காமல், பக்கவாட்டில் படுங்க. அவசரத்துக்கு 108.

"குழந்தை நல்லா இருக்கு" என்று டாக்டர் சொல்லித் திருப்பி அனுப்பினால், அது வீண் அலைச்சல் இல்லை. மறுபடி சந்தேகம் வந்தாலும் தயங்காமல் போங்க.