மூடியைத் திறந்தால் பாயான் லெப்பாஸ்!

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப். மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்துங்கள். விண்டோஸின் திரைமறைவு வேலை அத்தனையும் அம்பலமாகிவிடும்! எந்தச் செயலி எவ்வளவு ரேமை விழுங்குகிறது, ஹார்ட் டிஸ்க் எப்படி மூச்சு வாங்குகிறது, பிராசசர் உழைக்கிறதா, சும்மா இருக்கிறதா, எல்லாம் நொடிக்கு நொடி மாறும் எண்களாகவும் ஏறி இறங்கும் கோடுகளாகவும் தெரியும். இந்த டாஸ்க் மேனேஜரின் முன்னால் என்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்க முடியும்.

பினாங்கின் ஜெலுத்தோங்கில் எங்கள் எதிர்வீட்டு அக்கா ரவிக்கை தைப்பவர். லிட்டில் இந்தியாவில் புடவை எடுக்கும் பெண்களில் பலர் அடுத்ததாக மாடி ஏறுவது அவர் வீட்டுக்குத்தான். அளவுகள் எக்செல்லில், ஆர்டர்கள் வாட்ஸ்அப்பில், கழுத்து டிசைன்கள் யூடியூப்பில். மூன்றையும் ஒன்றாகத் திறந்தால் கம்ப்யூட்டர் திணறித் திணறி நின்றுவிடும்.

“ஒரு டிசைன் காட்டுறேன்னு சொன்னா, அது தொறக்கிறதுக்குள்ள வந்தவங்க தே ஓ குடிச்சி முடிச்சிடுறாங்க தம்பி. புதுசு வாங்கிடவா?”

“அவசரப்படாதீங்கக்கா. மொதல்ல உள்ள என்ன நடக்குதுன்னு பார்ப்போம்.”

பார்த்தோம். பிராசசர் ஏறக்குறைய ஓய்வில் இருந்தது. ரேம் நிரம்பி வழிந்தது. ஹார்ட் டிஸ்க்கோ 100 விழுக்காட்டில் ஒட்டிக்கொண்டு கீழே இறங்கவே இல்லை. இந்த மூன்று கோடுகள் சேர்ந்து நிற்கும் கோலத்தைக் கண்டாலே எனக்குக் கை பரபரக்கும். நோய் இன்னதென்று அவையே சொல்லிவிடுகின்றன. அதில் இருந்தது வெறும் 4 ஜிபி ரேம். அது நிறைந்ததும் விண்டோஸ், உடனே தேவைப்படாதவற்றைத் தூக்கி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு கோப்பில் போட்டு வைக்கும். மறுபடி கேட்டால் அங்கிருந்து எடுத்து வரும்.

அக்காவுக்குப் புரியும்படி சொன்னேன்: ரேம் என்பது துணி வெட்டுகிற மேசை, ஹார்ட் டிஸ்க் என்பது அலமாரி. மேசை சின்னதாக இருந்தால் ஒவ்வொரு துணிக்கும் எழுந்து போக வேண்டும். ஆனால் எவ்வளவு தூரத்து அலமாரி அது! ரேம் பதில் சொல்ல ஏறத்தாழ 100 நானோ நொடி போதும். சுழலும் தட்டுக்கு ஏறத்தாழ 10 மில்லி நொடி வேண்டும். ஒரு லட்சம் மடங்கு! கம்ப்யூட்டர் திறந்ததுமே தானாக ஓடத் தொடங்கும் வேண்டாத செயலிகளை நிறுத்திப் பார்த்தோம். கொஞ்சம் இளகியது, போதவில்லை. பெட்டியைத் திறக்க வேண்டியதுதான்.

பிளக்கைக் கழற்றி, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடித்துவிட வேண்டும். பிறகு பெட்டியின் வெற்று இரும்பைத் தொட்டு, நம் உடம்பில் தேங்கிய நிலைமின்சாரத்தையும் இறக்கிவிட வேண்டும். நம் விரல் உணராத சிறு பொறிகூட ஒரு சிப்பைக் கொன்றுவிடும். அப்புறம் பின்பக்கம் இரண்டு ஸ்குரூ, அவ்வளவுதான்.

உள்ளே ஒரே நூல்! சிவப்பு, மஞ்சள், சரிகைப் பொன்... விசிறியைச் சுற்றி வருஷக்கணக்கான ரவிக்கைகளின் பிசிறு, பினாங்கின் ஈரக்காற்றில் நமத்து ஒட்டிக் கிடந்தது. இதுவும் மந்தத்துக்கு ஒரு காரணமாகலாம். காற்று அடைபட்டால் பிராசசர் சூடேறும். சூடேறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தூரிகையால் பிசிறை எடுத்துவிட்டு, பிராசசர் மேல் அமர்ந்திருந்த குளிர்விப்பானையும் கழற்றினேன். அடியில் வெப்பப் பசை காய்ந்து பொருக்காகிக் கிடந்தது. ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தேன்.

பளபளவென்று வெளிப்பட்ட உலோகத்தில், இண்டெல் பெயருக்குக் கீழே, பொறித்திருந்தது: ‘மலாய்’!

நான் கூச்சலே போட்டுவிட்டேன். இண்டெல் தன் பிராசசர்களின் நெற்றியில் அவை உருப்பெற்ற நாட்டைப் பொறிப்பது வழக்கம். ‘மலாய்’ என்றால் மலேசியா. அதாவது எங்கள் தீவின் பாயான் லெப்பாஸ், இல்லையென்றால் தண்ணீருக்கு அப்பால் கெடாவின் கூலிம். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். “நம்மூரு சாமானா தம்பி இது? இத்தன வருஷமா என் வீட்லயேவா இருந்துச்சு?”

இருந்தது! தீர்வையற்ற துறைமுகம் என்ற தகுதி பறிபோய், வேலையில்லாமல் இளைஞர்கள் தவித்த தீவு இது. 1969-இல் முதலமைச்சரான லிம் சோங் இயூ அமெரிக்க, ஜெர்மானிய, ஜப்பானிய நிறுவனங்களை வலிய அழைத்து வந்தார். 1972-இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரம் திறந்தது. நெல் விளைந்த மண்ணில் இண்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைக் கட்டியது. ஏஎம்டி, ஹெச்பி, ஹிட்டாச்சி, போஷ் என்று அன்று வந்து சேர்ந்த எட்டு நிறுவனங்களையும் பினாங்குக்காரர்கள் இன்றும் ‘எட்டு சாமுராய்’ என்கிறார்கள். ஜெலுத்தோங்கிலிருந்து அங்கே போகும் கடலோர நெடுஞ்சாலைக்கே இப்போது லிம் சோங் இயூ பெயர்தான்.

இன்னொன்று சொல்கிறேன், இதுதான் எனக்குத் தலைசுற்றும் இடம். 1968-இல் தொடங்கிய இண்டெல், பிராசசருக்காகப் பிறந்த நிறுவனமே இல்லை. ரேம் செய்யத்தான் பிறந்தது! 1970-இல் அது விற்பனைக்கு விட்ட 1103 என்ற சிப், பாயான் லெப்பாஸ் திறந்த 1972-க்குள் உலகிலேயே அதிகம் விற்ற நினைவக சிப்பாகிவிட்டது. அதன் கொள்ளளவு 1,024 பிட். நாங்கள் வாங்கப் போனதோ 8 ஜிபி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1103 சிப்புகள் 6 கோடியே 71 லட்சம் சேர்ந்தால்தான் அந்த ஒரே ரேம் குச்சிக்கு ஈடு!

கொம்தார் பக்கத்துக் கடைக்குப் பழைய ரேம் குச்சியையும் கையோடு கொண்டுபோனேன். இதை எல்லோருக்கும் சொல்வேன். குச்சி கையில் இருந்தால் பேச்சே வேண்டாம். டிடிஆர்3-க்கு 240 கால், டிடிஆர்4-க்கும் டிடிஆர்5-க்கும் 288. விளிம்பில் உள்ள வெட்டு மூன்றிலும் வெவ்வேறு இடத்தில் இருக்கும், மாற்றிச் செருகவே முடியாது. கடைத்தம்பி ஒரு பார்வையிலேயே “டிடிஆர்4, 2400” என்றார். விலை சொல்லும்போது மட்டும் அவர் முகம் சுருங்கியது. “போன வருஷம் வந்திருக்கணும் பாஸ். இப்ப எல்லாத்தையும் ஏஐ சர்வர்தான் இழுத்துக்கிட்டுப் போவுது.”

உண்மைதான். 2025 கடைசியில் ரேம் விலை ஏறிய ஏற்றம் வீட்டுக் கம்ப்யூட்டர்காரர்களை நன்றாகவே அடித்துவிட்டது. அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம் சில்லறை வாடிக்கையாளருக்கான தன் குரூஷியல் பிராண்டையே கைவிடுவதாக அறிவித்தது. எனக்கு அது பெரிய வருத்தம். பினாங்கிலேயே தொழிற்சாலை வைத்திருக்கும் நிறுவனம் அல்லவா! விலை அப்படி இருந்ததால், சோதித்த பழைய 8 ஜிபி ஒன்றைக் கேட்டேன். கடைத்தம்பி அதன் தங்கமுலாம் பூசிய கால்களை அழிரப்பரால் மெல்லத் தேய்த்து, சோதனைப் பலகையில் செருகி, மெம்டெஸ்ட் ஓட்டிக் காட்டிய பிறகுதான் காசை வாங்கினார்.

அந்தக் குச்சியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். 6,870 கோடிக்கும் மேற்பட்ட அறைகள்! ஒவ்வொன்றிலும் ஒரு டிரான்சிஸ்டர், மின்னூட்டம் தேக்க ஒரு மின்தேக்கி. ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்டு 1968-இல் காப்புரிமை பெற்ற அதே அமைப்பு. தேக்கிய மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும் என்பதால், 64 மில்லி நொடிக்குள் ஒவ்வோர் அறையையும் படித்து மறுபடி நிரப்ப வேண்டும். நீங்கள் ஒன்றுமே செய்யாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதும், நொடிக்குப் பதினைந்து முறை, உள்ளே அத்தனை கோடி அறைகளுக்கும் நீர் பாய்ச்சல் நடக்கிறது!

வீடு வந்து புதுப் பசை தடவி, குளிர்விப்பானைப் பூட்டி, வெட்டைச் சரிபார்த்து, குச்சியின் இரு முனைகளையும் கட்டை விரல்களால் அழுத்தினேன். டக். பவர் போட்டேன். விசிறி சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது. “போச்சா தம்பி?” என்றார் அக்கா. புது ரேமைப் பலகை அளந்து பழகிக்கொள்ளக் கொஞ்ச நேரம் எடுக்கும், முதல் தடவை பொறுக்கத்தான் வேண்டும். பொறுத்தோம். வந்தது! பழையது நாலு, புதிதாக எட்டு, மொத்தம் 12 ஜிபி. எக்செல், வாட்ஸ்அப், பத்துப் பதினைந்து கழுத்து டிசைன்கள் என எல்லாவற்றையும் அக்கா வரிசையாகத் திறந்துகொண்டே போனார். ரேம் பாதியில் நின்றது. 100-இல் ஒட்டிக் கிடந்த ஹார்ட் டிஸ்க் கோடு படுத்தேவிட்டது.

கம்ப்யூட்டரைப் புதிதாகத் திறக்கும்போது மட்டும் இன்னும் மெதுவாகத்தான் இருக்கிறது. அதற்கு ரேம் உதவாது. சுழலும் தட்டைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட வேண்டும். அடுத்த மாதத் தையல் காசில் அதைத்தான் வாங்கப் போகிறோம். எஸ்எஸ்டியும் இந்த மாநிலத்துச் சரக்காகவே கிடைக்கக்கூடும்: 2014-இல் திறந்த இரண்டாம் பாலத்தைக் கடந்தால், ஒரு காலத்தில் நம்மவர்கள் தோட்டங்களில் உழைத்த பத்து காவானில், மைக்ரான் அவற்றையும் செய்கிறது. அந்த எஸ்எஸ்டியின் முதுகில் எந்த நாட்டின் பெயர் இருக்கிறதென்று அக்காதான் முதலில் பார்க்க வேண்டுமாம். கடையில் உறையை நான் பிரிக்கவே கூடாதென்று இப்போதே சொல்லிவிட்டார்.