முதலில் டீச்சர்

ஜெலாப்பாங் என்றதும் பல மலேசியருக்கு ஞாபகம் வருவது டோல்தான். மெனோரா சுரங்கப் பாதையைக் கடந்து மலையிறங்கும் வண்டிகள் வரிசை பிடித்து நின்ற அந்தச் சாவடி இப்போது இல்லை. ஊர் இருக்கிறது. சிலிபின் பக்கம் போகும் சாலை, அவசரகாலத்தில் முள்வேலிக்குள் உருவான புதுக்கிராமம், பால்மரங்கள் விழுந்த பிறகு முளைத்த தாமான்கள். அப்படி ஒரு தாமானில், ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவரின் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். பெயர் போட வேண்டாம் என்று மகள் கேட்டுக்கொண்டார். ஊர் அவரை டீச்சரம்மா என்றுதான் கூப்பிட்டது. நானும் அப்படியே சொல்கிறேன்.

படையல் முடிந்து, இலை எடுத்த பிறகு, கூடத்தில் ஒரு சின்ன வாக்குவாதம். தமிழ்ப் பத்திரிகையில் போட வேண்டிய நினைவஞ்சலியின் வாசகம் பற்றி. டீச்சரம்மாவின் தம்பி ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார்: அன்புத் தாய், பாசமிகு பாட்டி, சமூகச் சேவகி, ஓய்வுபெற்ற ஆசிரியை. மூத்த மகள் தாளை வாங்கிப் பார்த்தார்.

“மாமா, டீச்சர்னு முதல்ல போடுங்க.”

“என்னம்மா பேசுற நீ? பெத்தவங்கறதுக்கு மேல ஒரு பட்டம் இருக்கா?”

“அது தானா வந்தது மாமா. இதுக்கு அவங்க எத்தனை வருசம் காத்துக் கெடந்தாங்கன்னு உங்களுக்குத்தான் தெரியுமே.”

மாமா பேசவில்லை. பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வெளித்திண்ணைக்குப் போய்விட்டார். எனக்கு விவரம் பிறகுதான் கிடைத்தது. டீச்சரம்மாவுக்கு நிச்சயமான பிறகும் கல்யாணம் இரண்டு வருடம் தள்ளிப் போயிருக்கிறது. பெண்ணுக்கு ஏதோ குறை என்று லயத்தில் பேச்சு. மாப்பிள்ளை வீட்டில் முணுமுணுப்பு. தள்ளிப்போட்டது அவரேதான். தாலி ஏறினால் வேலை இறங்கிவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இன்றைக்கு வேலைக்குப் போகும் பெண்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். அந்நாளில் அரசாங்கச் சேவையில் இருந்த பெண், திருமணம் செய்துகொண்டால் நிரந்தரப் பதவியை விட வேண்டும். வேண்டுமானால் தற்காலிக ஊழியராகத் திரும்ப வரலாம், மாதத்துக்கு மாதம். தற்காலிக ஊழியருக்குப் பென்ஷன் கிடையாது. இது போக, ஒரே பயிற்சி, ஒரே வகுப்பு, ஒரே மணி அடித்தாலும், ஆசிரியைக்கு வாத்தியாரைவிடச் சம்பளம் குறைவு. இந்த வழக்கத்தை நமக்குக் கொண்டுவந்த ஆங்கிலேயன் தன் ஊரில் அதை எப்போதோ கழற்றிப் போட்டுவிட்டான். மணமான ஆசிரியைகளுக்கு இருந்த தடையை 1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் நீக்கினார்கள். ஆசிரியைகளுக்குச் சம சம்பளத்தை 1955-இல் தொடங்கி 1961-க்குள் படிப்படியாகக் கொடுத்து முடித்தார்கள். நாம் 1957-இல் கொடி மாற்றினோம். சம்பளப் பட்டியல் மாறவில்லை.

அதை மாற்றப் போராடியவர்களில் முன்னால் நின்றவர் ஈப்போவில் பிறந்த ஒரு தமிழ்ப் பெண் என்பது ஈப்போவிலேயே பலருக்குத் தெரியாது. ராசம்மா பூபாலன். 1927 மே 1-ஆம் தேதி பிறந்தவர். தொழிலாளர் தினத்தில் பிறந்தார் என்பதை நான் பெரிதுபடுத்த மாட்டேன், ஆனால் சொல்லாமலும் இருக்க முடியவில்லை. 1943-இல் சிங்கப்பூரில் நேதாஜி அறிவித்த ஜான்சி ராணிப் படையில், கேப்டன் லட்சுமியின் கீழ், அக்காள் பொன்னம்மாவோடு சேர்ந்தபோது அவருக்குப் பதினாறு வயது. அந்தப் படையில் ஆங்கிலப் பள்ளியில் படித்த பெண்களும் இருந்தார்கள், அதுவரை பால்வாளியைத் தவிர வேறெதையும் தூக்காத தோட்டத்துப் பெண்களும் இருந்தார்கள். கைதிகளும் நம் தோட்டத்து ஆட்களும் செத்துச் செத்துப் போட்ட சயாம் மரண ரயில் பாதையில் ஏறித்தான் அவர்கள் பர்மாவுக்குப் போனார்கள். ராசம்மாவும் பர்மா போனார். போர் முடிந்து திரும்பி, விட்ட படிப்பைப் பிடித்து, பட்டம் வாங்கி, ஆசிரியையானார்.

பினாங்கு மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியில் அவர் பாடம் நடத்தினார். 1960-இல் மலாயாப் பெண் ஆசிரியர்களுக்கென்று தனிச் சங்கம் அமைத்தார். ஆண்கள் நிறைந்த சங்கங்கள் அப்போதே இருந்தன. பெண்ணுக்குச் சம சம்பளம் என்ற பேச்சு அவற்றின் கூட்டங்களில் எத்தனையாவது அம்சமாக வந்திருக்கும் என்பதைச் சங்கக் கூட்டத்தில் ஒருமுறை உட்கார்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1963-இல் பெண்கள் அமைப்புகளின் தேசிய மன்றம் உருவானபோதும் அதில் அவர் பங்கு இருந்தது. மனு, பேச்சுவார்த்தை, மறுபடி மனு. 1969-இல் அரசாங்கச் சேவையில் பெண்களுக்குச் சம ஊதியம் நடைமுறைக்கு வந்தது. மணமான பெண்ணுக்கு நிரந்தரப் பதவியும் அதே காலத்தில் திறந்தது. ராசம்மா பின்னர் கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியையாக இருந்து 1982-இல் ஓய்வு பெற்றார். அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனத்தின் சம ஊதிய ஒப்பந்தம் 1951-இல் எழுதப்பட்டது. அதை மலேசியா ஏற்று உறுதிசெய்ததோ 1997-இல்.

டீச்சரம்மா ராசம்மாவை நேரில் பார்த்தாரா, தெரியாது. சங்கச் சந்தாவை மட்டும் ஒழுங்காகக் கட்டியிருக்கிறார். அந்த ரசீதுகளை மகள் காட்டினார்.

பதினாறாம் நாளில் பேசியவர்களில் யாரும் இதைச் சொல்லவில்லை. எல்லாரும் தாயுள்ளம் என்றார்கள். மெழுகுவர்த்தி என்றார்கள். மே 16 ஆசிரியர் தினத்துக்கு ஆண்டுதோறும் ஏற்றி அணைக்கிற அதே மெழுகுவர்த்தி. எனக்கு அந்த உவமை பிடிக்காது. மெழுகுவர்த்திக்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை.

ஒருவர் மட்டும் வேறு மாதிரி பேசினார். லாரி ஓட்டியாக இருந்தவர், எழுபதை நெருங்குகிறவர். 1969-இல் நடந்ததைச் சொன்னார். அதற்கு முந்தைய ஆண்டு வந்த சட்டத்தால், குடியுரிமை இல்லாதவருக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. இங்கேயே பிறந்து, பால் வெட்டி, சிவப்பு அடையாள அட்டையோடு இருந்தவர்கள் ஒரே நாளில் அந்நியரானார்கள். பல்லாயிரம் பேர் தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினார்கள். அவருடைய அப்பாவும் பெட்டி கட்டிவிட்டார்.

“டீச்சரம்மா ராத்திரியில எங்க வீட்டுக்கு வந்தாங்க. மண்ணெண்ணெ விளக்கு வெளிச்சத்துல குடியுரிமைப் பாரம் எழுதுனாங்க. எங்கப்பாவுக்கு சூராட் பெரானாக், பொறப்புப் பத்திரம், கெடையாது. எந்தத் தோட்டத்துல பொறந்தே, அப்ப கிராணி யாரு, மருந்துக் கொட்டாய்ல யாரு இருந்தா, எல்லாம் கேட்டுக் கேட்டு எழுதுனாங்க. பெட்டிய அவுத்துட்டோம்.”

இப்படி எத்தனை பாரங்கள் எழுதினார் என்று கணக்கில்லை. எழுதிக்கொடுத்த வீடுகளில் கருவாடும் கீரையும் கொடுத்தனுப்புவார்களாம். காசு வாங்க மாட்டார். மகளுக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல் இருக்கிறது. “எல்லார் வீட்டுப் பிள்ளைக்கும் நேரம் இருக்கும். எனக்குத் தலை பின்னிவிட நேரம் இருக்காது. நானே பின்னிப் பழகிட்டேன்,” என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். துக்க வீட்டில் இதையும் சொல்லும் பிள்ளையை வளர்த்திருக்கிறார் என்பதில் எனக்கு டீச்சரம்மா மேல் மரியாதை கூடியது.

1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இப்போது ஐந்நூற்றுச் சொச்சம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, விற்கப்பட்டு, செம்பனையாகி, வீடாகிக் கொண்டிருந்தபோது பிள்ளைகள் கலைந்தார்கள், பள்ளிகள் மூடின அல்லது பட்டணத்துப் பக்கம் இடம் மாறின. டீச்சரம்மா முதலில் படித்துக்கொடுத்த தோட்டத்துப் பள்ளி இருந்த இடத்தில் இன்று ஒரு டயர் கடை. அவரே ஒருமுறை அங்கே டயர் மாற்றக் காத்திருந்தபோது, கரும்பலகை இருந்த பக்கம் இதுதான் என்று பேரனிடம் சுவரைக் காட்டியிருக்கிறார்.

நான் கிளம்பும் நேரம் மாமா உள்ளே வந்தார். தாளைப் புதிதாக எழுதியிருந்தார். ‘ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை’ என்று முதல் வரி. மகள் படித்துப் பார்த்துவிட்டு, தொலைக்காட்சிக்குக் கீழே இருந்த இழுப்பறையைத் திறந்து அதில் வைத்தார். அங்கே ரப்பர் பட்டை போட்ட ஒரு கட்டு, பழைய பேங்க் புத்தகங்கள். மாதம் பிறந்தால் டீச்சரம்மா பேங்குக்குப் போயே ஆக வேண்டும். போனிலேயே பார்க்கலாம் என்று பேரன் எத்தனை தடவை சொன்னாலும் கேட்க மாட்டார். வரிசையில் நின்று, இயந்திரத்தில் புத்தகத்தைச் செருகி, அது கரகரவென்று அச்சடித்துத் தள்ளியதும், வாசல் வெளிச்சத்துக்கு வந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அந்த ஒரு வரியைப் பார்ப்பாராம்.

“பார்த்துட்டு, ‘வந்துருச்சு’ன்னு சொல்லுவாங்க,” என்றார் மகள். “அவ்வளவுதான். அப்புறம் மார்க்கெட்டுக்குப் போவோம்.”